பத்து கிலோ டிராக்

சாலைக் கடைத்தெருவில் வெண்டைக்காய் வாங்குகிறவர் நுனியை ஒடித்துப் பார்ப்பார். ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். கடல் தூண்டிலுக்கு வாங்கும் ரீலில் அப்படி ஒடித்துப் பார்க்க நுனி இல்லை. அதனால் திருவனந்தபுரத்தில் ரீல் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே சடங்கைச் செய்கிறார்கள். கைப்பிடியை விறுவிறுவென்று சுற்றிவிட்டுக் காதருகே கொண்டுபோகிறார்கள். சத்தம் வராவிட்டால் முகம் மலர்கிறது. கூட வந்தவர் "ஸ்மூத்!" என்று தீர்ப்பு சொல்கிறார். நூல் இல்லாமல், மீன் இல்லாமல், உப்பு இல்லாமல், ஏசி கடைக்குள் எந்த ரீல்தான் ஸ்மூத்தாகச் சுற்றாது?

அடுத்து பெட்டியைப் படிப்பார்கள். பேரிங் 12+1 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அந்தப் பிளஸ் ஒன்று, கைப்பிடி பின்பக்கம் சுற்றாமல் பிடித்துக்கொள்கிற உருளை பேரிங். உண்மையில் உழைக்கிற ஆள் அதுதான். மற்ற பன்னிரண்டும் மலிவுச் சரக்காக இருந்துவிட்டால், சங்குமுகம் காற்றில் ஒரு மழைக்காலம் போனதும் துருப்பிடிக்கப் பன்னிரண்டு இடங்கள் என்று கணக்கு. உப்பு புகாமல் மூடின ஐந்தாறு பேரிங் இருந்தாலே போதும். ஆனால் ஐந்தைக் கொட்டை எழுத்தில் போட்டால் யார் வாங்குவார்கள்?

உடம்பு அலுமினியமா, கிராஃபைட்டா என்பதில் இரண்டு கட்சி உண்டு. கிராஃபைட் துருப்பிடிக்காது. ஆனால் கனத்த மீன் இழுக்கும்போது லேசாக நெளியும். உள்ளே பல்சக்கரங்கள் நேர்கோட்டை விட்டு விலகி முனக ஆரம்பிக்கும். அலுமினியம் நெளியாது. ஆனால் அதில் ஸ்டெயின்லெஸ் திருகாணியை முடுக்கி உப்புத் தண்ணீரையும் ஊற்றினால் மூன்றும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி. கொஞ்ச நாளில் திருகாணியைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். அதைப் பார்த்து விபூதி என்று நினைத்தவர்களும் உண்டு.

இதெல்லாம் சில்லறை விவகாரம். ரீலின் உயிர் டிராக்கில் இருக்கிறது. ஸ்பூலுக்குள் அடுக்கிய வாஷர்கள், மேலே ஒரு குமிழ். குமிழை முறுக்கினால் வாஷர்கள் ஒன்றையொன்று நெருக்கும், நூல் கஷ்டப்பட்டு வெளியேறும். தளர்த்தினால் சுலபமாக ஓடும். மீன் பலமாக இழுக்கும்போது நூல் அறுவதற்குள் விட்டுக்கொடுக்கிற ஏற்பாடு இது. ரீல் பழைய சமாசாரம். சீனத்து மா யுவான் 1195-ஆம் ஆண்டை ஒட்டி வரைந்த மீன்பிடி ஓவியத்திலேயே ஒன்று இருக்கிறது. விட்டுக்கொடுக்கிற புத்தி வர வெகுகாலம் ஆயிற்று. அதுவரை, பெரிய மீன் ஓடினால் கைப்பிடி பின்பக்கமாகச் சுழன்று விரல் முட்டிகளைப் பெயர்த்துவிடும். வில்லியம் போஷன் என்ற அமெரிக்கர் நட்சத்திரக் குமிழ் டிராக்கை யோசித்துச் சொல்ல, புரூக்ளின் ரீல்காரர் வாம் ஹோஃப் செய்துகொடுத்தார். 1913-இல் கலிபோர்னியாவின் கேட்டலீனா தீவருகே போஷன் ஒரு வாள்மீனைப் பிடித்தது அதை வைத்துத்தான்.

நான் வாங்கிய ரீலின் பெட்டியில் 'அதிகபட்ச டிராக் 10 கிலோ' என்றிருந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். நான் நாகர்கோவில்காரன்; மனைவி வீடு கரமனை; வீட்டுக்குள் மீன் ஏறாது, ரீல் மட்டும் ஏறலாம் என்பது உடன்படிக்கை. மாமனார் ஏ.ஜி. ஆபீஸில் ஆடிட் பார்த்து ஓய்வு பெற்றவர். பெட்டி சொல்வதைச் சோதிக்க ஜன்னல் கம்பியில் கொக்கித் தராசை மாட்டி, நூலை அதில் கட்டி, ராடும் கையுமாக நான் கூடத்தில் பின்னோக்கி நடந்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

குமிழை முழுக்க முறுக்கியும் ஆறு கிலோவிலேயே நூல் வழுக்க ஆரம்பித்துவிட்டது.

"மாப்ளே, பெட்டியிலே பத்துன்னு போட்டிருக்கு. மீதி நாலு கிலோவை எந்த ஹெட்டிலே புக் பண்ணியிருக்கான்?"

நூல் பத்து கிலோ தாங்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு டிராக் வைத்தால் போதும் என்பது வழக்கம் என்று சமாதானம் சொல்லி, மூன்று கிலோவுக்குத் தளர்த்தினேன். முள் முதலில் நாலுக்குத் தாவி, ஒரு குலுக்கு குலுக்கி, அப்புறம்தான் மூன்றுக்கு இறங்கியது.

"ஆரம்பத்திலே எதுக்கு ஒண்ணு கூட வாங்கறது? அட்வான்ஸா?"

அவர் கேட்டதுதான் கேள்வி. நிற்கிற வாஷரை நகர்த்த, நகர்கிற வாஷரை ஓட்டுவதைவிட அதிக பலம் வேண்டும். அந்த முதல் உதறலில்தான் நூல் அறும், அல்லது தூண்டில் முள் மீனின் வாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். நல்ல கார்பன் வாஷருக்குச் சரியான கிரீஸ் போட்டால் இந்தத் தாவல் ஏறக்குறைய இராது. தாவல் எவ்வளவு என்பதைப் பெட்டியில் போடுகிற கம்பெனியை நான் பார்த்ததில்லை. இன்னொன்றும் போடமாட்டார்கள்: மீன் ஓட ஓட ஸ்பூலில் நூல்வட்டம் சிறுத்துப் பாதியானால், மூன்று கிலோ டிராக் தானாகவே ஆறாகிவிடும். இதைச் சொன்னபோது மாமனார் பேனாவை மூடிவிட்டு, "அப்போ கம்பெனி சொன்ன பத்து, மீன் ரொம்ப தூரம் போனப்புறம் வருமோ என்னமோ" என்றார்.

விழிஞ்ஞம் துறையில் தங்கூசி நூலை வெறுங்கையில் ஓடவிட்டு மீன் பிடிக்கிற மூத்தவர் ஒருவரிடம் அதே ரீலை நீட்டினேன். சுட்டுவிரலில் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டியிருந்தார். கைப்பிடியை அவர் தொடவே இல்லை. நூலை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக ஒரு முழம் இழுத்தார், நிறுத்தினார், மறுபடி இழுத்தார். "தொடக்கத்தில் பிடிக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வலையைப் பார்க்கப் போனார். தராசு, ஜன்னல், ஆடிட்டர் எதுவும் தேவைப்படவில்லை.

ரீலைத் திறந்து, உள்ளே இருந்த கம்பளி வாஷரைக் கழற்றிவிட்டுக் கார்பன் போட்டு, கிரீஸ் தடவினேன். வலியதுறை கடல்பாலம் 2024-இல் இரண்டாகப் பிளந்துவிட்டதால் அங்கே நிற்க வழியில்லை. பூவார் பொழிக்குப் போனேன். அந்தி சாய்கிற நேரத்தில் ஒரு பாறை மீன், இங்கே வற்ற என்பார்கள், இரையைக் கவ்விக்கொண்டு கடலைப் பார்த்து ஓடியது. நூல் உதறாமல், ஒரே சீராகச் சரசரத்துப் போனது. அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் ரீலைக் காதில் வைக்கவேண்டும். கடையில் அது கிடைக்காது. மீனைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, குமிழைத் தளர்த்தி, நல்ல தண்ணீர் தெளித்து ரீலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாமனார் நோட்டுப் புத்தகத்துடன் வந்தார்.

"எடை?"

"இரண்டே கால் கிலோ."

"இதுக்கா பத்து கிலோ டிராக்?" என்றபடியே எழுதினார். செலவுப் பக்கத்தில் ரீல், வாஷர், கிரீஸ், பூவார் போய்வந்த பெட்ரோல். வரவுப் பக்கத்தில்: மீன் 1, பக்கத்து வீட்டில் ஒப்படைக்கப்பட்டது, ரசீது பெறப்படவில்லை.