ஹெவிவெயிட் கேசாதிபாதம்

மாந்தரைப் பாடினால் முடியில் தொடங்கி அடியில் முடிக்க வேண்டும். தெய்வத்தைப் பாடினால் அடியில் தொடங்கி முடிக்கு ஏற வேண்டும். இது தமிழ் மரபு. ஆகவே எம்எம்ஏ எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலையின் ஹெவிவெயிட் வீரருக்கு அங்க லட்சணம் வகுக்கப் புகும் இவ்வாய்வு, முதலில் ஒரு வழக்கைத் தீர்த்தாக வேண்டும்: சண்டை நடக்கும் கூண்டுக்குள் நிற்பவர் மாந்தரா, தெய்வமா? ரஷ்யாவின் ஃபெடோர் எமிலியானென்கோ ஏறத்தாழப் பத்தாண்டுகள் தோல்வி காணாதிருந்தபோது, அவரை அடியிலிருந்துதான் பாட வேண்டும் என்ற கட்சி ரசிகரிடையே வலுத்திருந்தது. 2010 ஜூன் மாதம் பிரேசிலின் ஃபப்ரீசியோ வெர்தும் அவருடைய கழுத்தையும் கையையும் தம் கால்களுக்கிடையே பூட்டி, 69 நொடிகளில் சரணடைய வைத்தார். வழக்கு அன்றே தள்ளுபடி. நாம் முடியிலிருந்து தொடங்குவோம்.

அதற்கு முன் எல்லை வகுத்தல். இன்றைய விதிப்படி 93 கிலோவுக்கு மேல் 120 கிலோ வரை உள்ளவர் ஹெவிவெயிட். இதற்கு அடுத்த கீழ்ப்பிரிவில் இடைவெளி ஒன்பது கிலோதான், இங்கோ இருபத்தேழு. அதாவது, எட்டு வயதுப் பிள்ளையொன்றை முதுகில் கட்டிக்கொண்டு வருபவரும் கட்டாமல் வருபவரும் சமமான எதிரிகள் என்று விதி சொல்கிறது. எந்த உடம்பு சிறந்தது என்ற கேள்வி மற்றப் பிரிவுகளில் அவ்வளவாக எழாததும், இங்கே ஓயாததும் இதனால்தான்.

எடையே லட்சணம் என்பாரும் உளர். அது பொருந்தாது. 1993இல் டென்வர் நகரில் நடந்த, யுஎஃப்சி என்னும் எம்எம்ஏ போட்டித் தொடரின் முதல் போட்டியில் எடைப்பிரிவே கிடையாது. வென்றவர் ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ள ராய்ஸ் கிரேசி. அடுத்த ஆண்டு 270 கிலோவுக்கும் மேற்பட்ட சுமோ வீரர் இமானுவேல் யார்பரோவை, அவரில் மூன்றிலொரு பங்கு இருந்த கீத் ஹாக்னி இரண்டு நிமிடத்துக்குள் சாய்த்தார். இதன் காரணத்தைக் கலிலியோ 1638இலேயே எழுதி வைத்துவிட்டார். உருவத்தை அதே அளவொப்பில் இருமடங்காக்கினால் எலும்பின் குறுக்குவெட்டு நான்கு மடங்குதான் ஆகும். சுமக்க வேண்டிய எடையோ எட்டு மடங்காகும். கூண்டுச் சண்டை அவர் காலத்தில் இல்லாதது கூண்டுச் சண்டையின் குறையே.

இனி அங்கங்கள். தலைமுடி: பெரும்பாலோர் மழித்துக்கொள்வதால் ஆய்வுக்கு உரியதன்று.

காது நசுங்கியிருத்தல் நலம். பல்லாண்டுகள் மல்யுத்தத்தில் தேய்ந்த காதில் குருத்தெலும்புக்கும் அதன் உறைக்கும் நடுவே குருதி கட்டி, பிறகு அது இறுகிப்போகிறது. பட்டயத்தைப் போலியாகச் செய்யலாம், இந்தக் காதைச் செய்ய முடியாது.

மோவாயைப் பற்றி நூல் ஒன்றே எழுதலாம். அடி வாங்கியும் விழாதிருப்பது உயரத்தாலா, கழுத்தின் தடிமனாலா, பிறவியாலா என்பதில் மூன்று கட்சிகள். உயரக் கட்சிக்கு ஏழடி உயர நெதர்லாந்துக்காரர் ஸ்டெஃபன் ஸ்ட்ரூவ் தக்க சான்றாக வாய்த்திருந்தார். 2013இல் ஜப்பானில் அவரைவிட ஓர் அடிக்கு மேல் குட்டையான நியூசிலாந்தின் மார்க் ஹன்ட் அண்ணாந்து விட்ட குத்தில் ஸ்ட்ரூவின் தாடையெலும்பு முறிந்தது, கட்சியும் முறிந்தது. பிறவிக் கட்சியினர் பிரேசிலின் அன்டோனியோ ரோட்ரிகோ நோகெய்ராவைக் காட்டுவர். சிறுவயதில் லாரி ஏறியும் பிழைத்தவர் அவர். 2002இல் டோக்கியோவில், தசைமலையான பாப் சாப் அவரைத் தலைகீழாகத் தூக்கித் தரையில் குத்தி நட்டார். நோகெய்ரா எழுந்து, அடுத்த சுற்றில் சாப்பின் கையைப் பூட்டி வென்றார். லாரியோடு ஒப்பிட்டால் சாப் இலேசு என்பது இக்கட்சியின் விளக்கம். ஆனால் சிறுவர்களை லாரிக்கு உட்படுத்திச் சோதிக்க இயலாமையால் இதனை நிறுவ வழியில்லை.

கை நீளம் அடுத்தது. கேமரூனில் சிறுவயதில் மணல் குவாரியில் மண்வெட்டி பிடித்த பிரான்சிஸ் இங்கானுவின் கைவீச்சு 211 சென்டிமீட்டர். 2021இல் அவர் அப்போதைய சாம்பியன் ஸ்டீபே மியோசிக்கைச் சாய்த்துப் பட்டம் பெற்றபோது, குவாரியும் கை நீளமுமே லட்சணம் என்று முடிவு கட்டினர். இதற்கு மூன்றாண்டு முன்பு அதே மியோசிக்கை முதல் சுற்றிலேயே வீழ்த்தியவர் டேனியல் கார்மியர். கார்மியரின் வீச்சு 184, மியோசிக்கினது 203. அரை முழக் குறையை எப்படி ஈடுகட்டினார் எனின், மார்போடு மார்பு ஒட்டிக் கட்டிப்பிடித்து, விலகும் நொடியில் குத்தினார். ஒட்டி நிற்பவனிடம் நீளக்கைக்காரன் தன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திகைப்பான். கூட்டப் பேருந்தில் ஏறியவர்க்கு இதற்கு மேல் உரை வேண்டாம்.

உள்ளங்கை பருத்திருத்தல் வேண்டும் என்பது பிராக் லெஸ்னர் காலத்துக் கொள்கை. நான்கு எக்ஸ்எல் கையுறை அணிந்த அவர் 2008இல் சாம்பியன் ஆனார். உடனே, எடைத் தராசில் ஏறுவதற்காக இளைக்க வேண்டிய அளவுக்குப் பெரிய ஆளே இலட்சிய ஆள் என்றார்கள். 2010இல் கெயின் வெலாஸ்கஸ் அவரை முதல் சுற்றிலேயே அடித்து நிறுத்தினார். லட்சணம் உள்ளங்கையிலிருந்து நுரையீரலுக்கு மாறியது, ஏனெனில் வெலாஸ்கஸ் களைப்பறியாதவர். 2015இல் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் மெக்சிகோ நகரில் அவருக்கே மூச்சு வாங்கியது. முன்கூட்டியே மலைக்காற்றுக்குப் பழகிவந்திருந்த வெர்தும் வென்றார். எனவே நுரையீரல் என்பது அங்கமா, இடமா என்ற ஐயம் தோன்றுகிறது. இத்துறையில் லட்சணம் எழுதியவர் அனைவரும் அப்போதைக்குப் பட்டம் வைத்திருந்தவரைப் பக்கத்தில் நிறுத்தி, பார்த்துப் பார்த்து எழுதினார்கள் என்பதை இங்கே குறித்து வைக்கிறோம்.

இனி இவ்வாய்வின் இதயத்துக்கு வருகிறோம், அது வயிறு.

ஆறு மடிப்பு வயிறே வீரம் என்பது சினிமாவால் வந்த வினை. ஹெவிவெயிட் வரலாறு தொந்திக்குப் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறது. ஃபெடோருக்கே இடுப்பு மெத்தென்றுதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் 218 சென்டிமீட்டர் உயர ஹாங் மான் சோயின் கையை 2007இல் பூட்டினார். ராய் நெல்சன் வென்றபின் தம் தொந்தியைத் தடவிக்கொடுப்பார். மேற்படி ஸ்ட்ரூவை 39 நொடிகளில் படுக்க வைத்தவர் அவர், தடவியதில் தவறில்லை. ஆயினும் தலைச்சான்று கார்மியரே. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மல்யுத்த எடைக்காகத் தம்மை வற்றடித்து, சிறுநீரகம் பழுதாகிப் போட்டியிடாமலே திரும்பினார். வயிற்றோடு பகை கொண்டபோது ஒலிம்பிக் போயிற்று. சமாதானம் செய்துகொண்டபின் ஹெவிவெயிட் பட்டம் வந்தது. தொந்தி எடையை இடுப்பருகே இறக்கி வைக்கிறது. குட்டை ஆளானால் அவரைப் பெயர்த்தெடுப்பதே பெரும்பாடு. இவ்வளவு தெளிவான உண்மையை எந்த உடற்பயிற்சிக்கூடமும் சுவரில் எழுதி வைக்காதது வியாபார நோக்கம் பற்றியே என்க.

மறுப்பு ஒன்று உண்டு, மறைக்க மாட்டோம். 2019 ஆகஸ்டில் அதே மியோசிக் மறுபடி வந்தார். மூன்று சுற்றுவரை பின்தங்கியிருந்தவர், நான்காம் சுற்றில் கார்மியரின் வயிற்றைக் கண்டுபிடித்தார். இடக்கையால் அங்கேயே திரும்பத் திரும்பக் குத்தினார். கார்மியரின் காவல் கீழே இறங்கியதும் தலைக்கு மாறினார். பட்டம் கைமாறியது. தொந்தி எடையைத் தாங்குமேயன்றி இடக்கையைத் தாங்காது என்று கொள்கையைத் திருத்திக்கொள்கிறோம்.

வயிற்றுக்குக் கீழே, காற்சட்டை. இது அங்கமன்று, ஆனால் டெரிக் லூயிஸ் 2018இல் அலெக்சாண்டர் வோல்கோவிடம் பெரும்பகுதி அடி வாங்கிவிட்டு, முடிய ஒருசில நொடிகள் இருக்கும்போது ஒரே குத்தில் சாய்த்துவிட்டு, பேட்டிக்கு முன் காற்சட்டையைக் கழற்றிப் போட்டுப் புழுக்கத்தைக் காரணம் காட்டியதால் இங்கே இடம்பெறுகிறது. முழங்காலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

எஞ்சியது கணைக்காலும் பாதமும். இவை தூண்போலப் பருத்திருக்க வேண்டும் என்பதில் எல்லாக் கட்சியும் ஒன்றுபடும். ஜான் ஜோன்ஸின் கணைக்கால் மெலிந்தது. அதைக் கேலி செய்யாத ரசிகர் குறைவு. கீழ்ப்பிரிவிலிருந்து ஹெவிவெயிட்டுக்கு ஏறுகிறார் என்றதும் இந்தக் கால் எப்படித் தாங்கும் என்றார்கள். 2023 மார்ச்சில் சிரில் கானின் கழுத்தை முதல் சுற்றிலேயே பூட்டிப் பட்டம் பெற்றார். காலுக்கு வேலையே வரவில்லை என்று கணைக்கால் கட்சி தேற்றிக்கொண்டது. 2024 நவம்பரில் நியூயார்க்கில் அவருக்கு எதிரே நின்றவர், கார்மியரின் வயிற்றைக் கண்டுபிடித்த அதே மியோசிக். மூன்றாம் சுற்றில் ஜோன்ஸ் முதுகு காட்டிச் சுழன்று, அந்த மெலிந்த காலின் குதிகாலை மியோசிக்கின் விலாவில் இறக்கினார். நடுவர் வந்து நிறுத்தினார்.