அழுக்கே அளவை: புதுப்பேட்டை சஸ்பென்ஷன் பாகங்கள் பற்றி ஒரு பிரமாண விசாரணை

சென்னை எழும்பூரை ஒட்டி, கூவக்கரையில் இருக்கும் புதுப்பேட்டையில் விலைக்குக் கிடக்கும் பழைய கார்ப் பாகங்கள் இரு வகைப்படும்: கழுவிக் கறுப்புப் பெயிண்ட் அடித்தவை, அடிக்காதவை. மாருதி, ஹூண்டாய், டாட்டா என்ற பகுப்பும், முன்பக்கம் பின்பக்கம், இடது வலது என்ற பகுப்பும் இவ்விரண்டுக்குள் அடங்கிவிடும். வாங்க வருகிறவர் கை பெரும்பாலும் முதல் வகையை நோக்கித்தான் நீளுகிறது. ‘புதுசு மாதிரியே இருக்கே’ என்று வாய் தானாகச் சொல்கிறது. கடைக்காரரும் அதை மறுப்பதில்லை. இக்கட்டுரை நிறுவ வருவது இதற்கு நேர் எதிரான கொள்கை. சஸ்பென்ஷனைப் பொறுத்தவரை அழுக்குதான் தலையாய சான்று. கழுவிய பாகம் என்பது சாட்சி கலைக்கப்பட்ட வழக்கு. எனவே ஷாக் அப்சார்பரோ ஸ்பிரிங்கோ லோயர் ஆர்மோ, அழுக்கோடு கிடப்பதைத் தேடி எடுப்பது அறிவுடைமை. அலங்காரத்தோடு நிற்பதைக் கண்டு ஒதுங்குவது அதனினும் அறிவுடைமை. சீட் கவர், ஸ்டீரிங் உறை முதலியன இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அவற்றில் அழுக்கு வெறும் அழுக்கே.

எதைக் கொண்டு ஒன்றை உண்மை எனத் துணிவது என்பது நம்மவர்க்குப் பழைய கேள்வி. வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர்களின் வாதங்களைக் கேட்கப் போன மணிமேகலைக்கு, அளவைவாதி காண்டல், கருதல் தொடங்கிப் பத்து அளவைகளை அடுக்கிக் காட்டுகிறான். புதுப்பேட்டையில் பத்துமே நடமாடுகின்றன என்றாலும், கொடிகட்டிப் பறப்பது ஐதிகம் ஒன்றே. இன்ன மரத்தில் பேய் உண்டு என்று ஊர் சொல்வதை அப்படியே ஏற்பது ஐதிகம். மரத்தின் இடத்தில் ஷாக் அப்சார்பரையும் பேயின் இடத்தில் டாக்டரையும் வைத்தால் புதுப்பேட்டை வந்துவிடும். ‘டாக்டர் ஓட்டின வண்டி சார், வீடு விட்டா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி விட்டா வீடு.’ டாக்டர் கைவசம் இல்லாத கடையில் பேங்க் மேனேஜர். அவரும் தீர்ந்துபோன கடையில் ‘லேடீஸ் ஓட்டினது’. இதை மறுக்க வெளிச்சான்று தேட வேண்டியதில்லை, அருத்தாபத்தியே போதும். பருத்த தேவதத்தன் பகலில் உண்பதில்லை என்றால் இரவில் உண்கிறான் என்று கொள்ள வேண்டும் என்பது தருக்க நூலார் காட்டும் உதாரணம். அவ்வாறே, பகலெல்லாம் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே மெத்தென்று ஊர்ந்த வண்டி இன்று பாகம் பாகமாகக் கழன்று கிடக்கிறது என்றால், டாக்டர் இரவில் எதன்மேல் கொண்டுபோய் மோதினார் என்று கேட்டே ஆக வேண்டும். வாயால் ஏற்றிய வரலாற்றை வாயாலேயே மாற்றலாம். பாகத்தின்மேல் ஆண்டுக்கணக்கில் படிந்த வரலாற்றை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது.

முதலில் ஷாக் அப்சார்பர். (மெக்கானிக்குகள் வாயில் அது ஷாக்கப்சர், ஆய்வின் கண்ணியம் கருதி முழுப்பெயர் ஆளப்படுகிறது.) உள்ளே ஆயில், ஆயிலுக்குள் சிறு துளைகள் கொண்ட பிஸ்டன், பிஸ்டனோடு சேர்ந்த பளபளப்பான தண்டு, தண்டு வெளியே வரும் வாயில் ஒரு சீல். ஸ்பிரிங் துள்ளும்போது ஆயில் அந்தத் துளைகளில் நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டியிருப்பதால் துள்ளல் அடங்குகிறது, அதன் ஆற்றல் சூடாக மாறிப் போய்விடுகிறது. சீல் போனால் ஆயில் போகும். ஆயில் போனால் மிஞ்சுவது குழாய். இனி அழுக்கின் பங்கைப் பார்க்கலாம். வழிந்த ஆயிலில் சாலைத் தூசி ஒட்டும். ஒட்டிய தூசி ஆயிலைக் குடித்துக் கறுத்து, வாயிலிருந்து கீழ்நோக்கி நாக்கு நாக்காக இறங்கியிருக்கும். தொட்டால் விரலில் மையாய் வரும். கசியாத ஷாக்கிலோ தூசி சாம்பல் பூத்தாற்போல் ஒரே சீராகப் படிந்திருக்கும், ஊதினால் பறக்கும். சீலை ஒட்டி லேசாக ஈரம் தெரிவது குற்றமன்று, தண்டின்மேல் ஒட்டி வரும் மெல்லிய ஆயில் படலம் அது. வழிந்த தடமே குற்றம். அந்தத் தடம் இல்லாமையைக் கொண்டு சீல் நன்றாக இருக்கிறது என்று துணிவது, அளவைவாதியின் பட்டியலில் அபாவம். ஆனால் அபாவம் செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு: இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டும். தூசி படிந்த உடம்பில் தடம் இல்லையென்றால் கசிவு இல்லை. டீசலில் கழுவிப் பெயிண்ட் அடித்த உடம்பில் தடம் இல்லையென்றால், தடம் இல்லை, அவ்வளவே.

‘கையால் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடாதா?’ என்று கேட்கலாம். கை சொல்வது பாதிக்கு மேல் பொய். இரட்டைக் குழாய் ஷாக்கைப் படுக்கப் போட்டு வைத்தால் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் காற்று புகுந்துவிடும். குவியலிலிருந்து உருவியவுடன் ஒரு தடவை அழுத்திப் பார்த்து ‘செத்துப்போச்சு’ என்று விசிறியெறிபவர் நல்ல சரக்கை எறிகிறவராகவும் இருக்கலாம். நிமிர்த்தி வைத்து நாலைந்து முறை முழுக்க இழுத்து அழுத்திக் காற்றை வெளியேற்றிய பிறகே அதன் குணம் தெரியும். இதற்கு மறுதலையும் உண்டு. அழுத்திய தண்டு தானாக மெல்ல எழுந்து வந்தால் ‘பாருங்க, உயிரோட இருக்கு’ என்பார் கடைக்காரர். அது உள்ளே அடைத்திருக்கும் நைட்ரஜனின் வேலை. வால்வு தேய்ந்த ஷாக்கிலும் கேஸ் மிச்சமிருந்தால் தண்டு எழும். சக்கரம் பள்ளத்தில் விழுகிற வேகத்தை எந்த வாடிக்கையாளரின் கையும் தராது. ஆகவே கை துணைச்சான்று, அழுக்கு முதற்சான்று.

இங்கே ஒரு மயக்கத்தைத் தீர்க்க வேண்டும். அழுக்கு வேறு, துரு வேறு. அழுக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டியது, துரு இரும்பே தன்னை விட்டுக் கிளம்பியது. ஒன்றைப் போற்றுவதால் மற்றதையும் போற்ற வேண்டியதில்லை. ஸ்பிரிங் விஷயத்தில் இந்த வேறுபாடு உயிர்நாடி. ராபர்ட் ஹூக் தமது ஸ்பிரிங் விதியை 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப் புதிராக வெளியிட்டு, 1678-இல்தான் அவிழ்த்தார்: நீட்சி எப்படியோ விசை அப்படி. இடைப்பட்ட காலமெல்லாம் சரக்கைக் காட்டிவிட்டு விவரம் சொல்லாதிருந்த அவரைப் புதுப்பேட்டை தன் ஆளாகவே கொள்ளும். ஆனால் வாங்குகிறவரை வாட்டுவது ஹூக்கின் விதியைவிட அதன் பின்னே வந்த கணக்கு. சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு, கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பின்பற்றுகிறது. 12 மில்லிமீட்டர் கம்பி துருவேறி நெடுகிலும் 11.4 மில்லிமீட்டராக இளைத்தால், விட்டத்தில் இழப்பு 5 சதவீதம்தான். விறைப்பில் இழப்பு ஏறத்தாழ 19 சதவீதம். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதற்கு இது தாராளம். அதனினும் கொடியது குழி. கீழ்ச்சுருள் தட்டில் உட்காரும் இடத்தில் மணலும் தண்ணீரும் தங்கி, பெயிண்டை உராய்ந்து தின்று, துருக்குழி விழுகிறது. விரிசல் அந்தக் குழியில்தான் தொடங்குகிறது. கறுப்புப் பெயிண்டின் திருவிளையாடல் இங்கேதான் முழுமை பெறுகிறது. அது குழியை நிரப்பி, விரிசலை மூடி, இளைத்ததைக் கொழுத்ததாகக் காட்டிவிடும். அழுக்கான ஸ்பிரிங்கில் அந்த இடத்தை ஒரு கம்பியால் சுரண்டினால் போதும், மண் உதிர்ந்து மேடுபள்ளம் தெரியும். மலம் நீங்கினால் வீடு என்பது சித்தாந்திகள் முடிபு. புதுப்பேட்டையில் மலம் நீங்கிய பாகத்தைப் பூட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்வது ஐயத்துக்கு இடமானது.

வெட்டிய ஸ்பிரிங் பற்றி ஒரு வரி. வண்டியைத் தாழ்த்த ஆசைப்பட்ட யாரோ கிரைண்டரால் ஒரு சுருளை நறுக்கியிருப்பார். சுருள் குறைந்தால் விறைப்பு கூடும், கூடுதலாகத் தூக்கிப் போடும். ஜோடியைத் தரையில் அருகருகே நிறுத்தினால் தெரிந்துவிடும்.

இனிப் பெரிய ஆட்சேபம். ‘உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் பழைய சாமான் எதற்கு? ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய்ப் புதிதாகவே வாங்கினால் என்ன?’ இவ்வாட்சேபம் பாதி சரி, அந்தப் பாதி எது என்பதே பிரச்சினை. ரப்பரும் ஆயிலும் உராயும் மூட்டும் உள்ளவை கிழடு தட்டும். புஷ், பால் ஜாயின்ட் இரண்டையும் பழையதாக வாங்குவதை இக்கட்டுரை ஓரிடத்திலும் ஆதரிக்கவில்லை. பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்து உள்ளே மண் போயிருந்தால், அந்த அழுக்கும் சான்றுதான், மரணச் சான்று. ஆனால் நக்கிள், கிராஸ் மெம்பர், ஸ்டெபிலைசர் பார், லோயர் ஆர்மின் இரும்பு உடல் ஆகியவற்றில் தேய ஒன்றுமில்லை. அவை வளையும், அல்லது துருப்பிடிக்கும். இரண்டும் கண்ணுக்குத் தெரிபவை, பெயிண்ட் குறுக்கிடாத வரையில். தகட்டில் அழுத்திச் செய்த லோயர் ஆர்ம் அடிபட்டால் ஓரத்தில் சுருக்கம் விழும். சுத்தியலால் தட்டி நிமிர்த்தினால் அந்த இடத்து அழுக்கு மட்டும் பொருக்காக உதிர்ந்து, பழைய சேற்றின் நடுவே ஒரு புதுத் திட்டு தெரியும். வண்டியோ ரகம் ரகமாக வழக்கொழிந்துகொண்டிருக்கிறது. அம்பாசடர் உத்தர்பாராவில் 2014-இல் நின்றது. மறைமலைநகரில் 1999 முதல் ஐகான் செய்த ஃபோர்டு, இந்தியாவில் கார் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக 2021-இல் அறிவித்தது. பழைய வண்டியை வைத்திருப்பவர் புதுசுக்கு ஆர்டர் கொடுத்துக் காத்திருப்பதா, காயலான் கடைகளில் தேடுவதா என்பதை அவரவர் பொறுமை தீர்மானிக்கும்.

ஃபோர்டு என்றதும் மெக்ஃபெர்சன் நினைவுக்கு வருவது இயல்பே. ஏர்ல் மெக்ஃபெர்சன் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்தபோது உருப்பெறத் தொடங்கி, அவர் ஃபோர்டுக்கு மாறிய பின் இங்கிலாந்தில் 1950-இல் கான்சல் காரில் வந்த அவருடைய ஸ்ட்ரட், இன்று நம் சிறிய கார்கள் பலவற்றின் முன்சக்கரத்தைத் தாங்குகிறது. அதில் ஷாக் அப்சார்பர் துள்ளலை அடக்குவதோடு நிற்பதில்லை. மேல் கையாகவும், ஸ்டீரிங் திரும்பும் அச்சாகவும் அதுவே நிற்கிறது. தண்டு சற்று வளைந்தாலும் சக்கரம் சாயும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். ஆட்சேபத்தின் சரியான பாதிக்கும் தவறான பாதிக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு நேராக ஸ்ட்ரட்டின் நடுவே போகிறது; வெளியுடல் இரும்பு, வயிறு ஆயில். இதில் மட்டும் கட்டுரையாளர் தம் கொள்கையைச் சற்றே தளர்த்தி, அழுக்காக இருந்தாலும் தண்டை மட்டும் துடைத்துப் பார்க்கலாம் என்று அனுமதிக்கிறார். குரோம் பூச்சில் ஊசிமுனை அளவு துருப்புள்ளி இருந்தால் அது ஏறி இறங்கும்போதெல்லாம் சீலை அறுத்துக்கொண்டிருக்கும்.

கடைசி ஆட்சேபம் கூர்மையானது. ‘பெயிண்ட் பொய் சொல்லும் என்றால் அழுக்கும் பொய் சொல்லாதா? கொஞ்சம் பழைய ஆயில், ஒரு கைப்பிடி மண், முடிந்தது.’ முடியவில்லை. அசல் அழுக்குக்குத் திசை தெரியும். டயரைப் பார்த்த பக்கம் கல்லும் தாரும் தெறித்துச் சொரசொரப்பாக இருக்கும், உள்பக்கம் மெல்லிய தூசியாக இருக்கும். போல்ட் இறுகியிருந்த இடத்தில் வாஷர் அளவுக்கு ஒரு வட்டம் பளிச்சென்று இருக்கும். பாகம் பூட்டியிருந்த முகத்தில் மண் ஏறியிருக்காது. கையால் பூசிய அழுக்கு இந்த மரியாதை எதையும் அறியாது, எல்லா முகத்திலும் சமமாக அப்பியிருக்கும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் பாகமென்றால் அதன் வாக்குமூலம் வேறு: மூடிய சந்துகளுக்குள்ளும் மாவு போன்ற வண்டல் தங்கியிருக்கும், சாலைத் தூசி அங்கெல்லாம் எட்டாது. இவ்வளவையும் போலியாகச் செய்ய ஒருவருக்குப் பொறுமையும் தூரிகையும் ஓவியப் பயிற்சியும் வேண்டும். ஒரு ஸ்பிரே டப்பாவால் வரிசையாக நிறுத்திய பாகங்களை டீ ஆறுவதற்குள் கறுப்பாக்கிவிடலாம் என்னும்போது, அழுக்குப் பூச ஆள் வைப்பவர் யார்? அழுக்குக்கு யாரும் கூடுதல் விலை கொடுப்பதில்லை என்பதே அதன் நாணயத்துக்குக் காப்பு.

இதிலிருந்து நடைமுறையில் ஒரு சங்கடம் எழுகிறது. வாங்குகிறவர் அழுக்கை மெச்சிப் பேசினால் அந்தக் காப்பு போய்விடும். எனவே பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தடம் இல்லாததையும் வாஷர் வட்டம் பளிச்சிடுவதையும் மனத்துக்குள் குறித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்து, ‘என்ன பாய், இவ்ளோ அழுக்கா இருக்கு, கம்மி பண்ணுங்க’ என்று சொல்வதே முறை. அவர் ‘கழுவித் தரேன் சார்’ என்று டீசல் டப்பாவை எடுத்தால் உடனே தடுத்து, அப்படியே சாக்கில் கட்டித் தரச் சொல்ல வேண்டும்.