பசியாவரத்தில் பசியை உண்டாக்கித் தரக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
பெட்டிக்கடைக்காரன்,
பசியாவரம், பழவேற்காடு ஏரி,
பொன்னேரி வட்டம், திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு உறுப்பினர் செயலர் அவர்கள்,
சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்,
தாளமுத்து நடராசன் மாளிகை, எழும்பூர், சென்னை.

பொருள்: எங்கள் ஊரைப் புதுப்பொலிவாக்கிக் கடைத்தெருவும் உணவகங்களும் அமைத்துத் தருவது, அதற்கு முன்னதாகப் போதிய அளவு பசியை உண்டாக்குவது – தொடர்பாக.

பார்வை: 2022 அக்டோபரில் பெருநகர எல்லையை விரித்த அரசாணை.

ஐயா,

எங்கள் ஊரின் பெயரைப் பிரித்துப் படித்தால் ‘பசியா வரம்’, அதாவது பசிக்காமல் இருக்கும் வரம். இது சொல்லாராய்ச்சி இல்லை. கல்லாவில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் தோன்றியது. வரத்தைக் கொடுத்தது யார் என்று தெரியாது, ஏரியாக இருக்கலாம். இடுப்பளவு தண்ணீரில் இறங்கினால் குழம்புக்கு நாலு இறாலாவது கிடைத்த காலம் எங்கள் பாட்டிகளின் காலம். வணிகக் கண்ணோடு பார்த்தால் இந்த வரம் பெரிய இடைஞ்சல். பசி இல்லாத ஊரில் உணவகம் எப்படி ஓடும்? ஆகவேதான் முதலில் பசியைக் கேட்கிறேன்.

1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரம் ஒரே அரசாணையில் 5,904 சதுர கிலோமீட்டர் ஆனது என்று படித்தேன். கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. வயிறு ஐந்து மடங்கு பெருத்த ஆளை நாங்கள் டாக்டரிடம் அழைத்துப் போவோம். உங்கள் வரைபடக் கோடு ஏரிக்கு வந்து சேரும்போது என்ன ஆகும் என்று கரையில் கொஞ்ச நேரம் பேசினோம். தண்ணீரில் போட்ட கோடு நிற்காது என்றார் ஒரு பெரியவர். பட்டா போட்டால் நிற்கும் என்றார் இன்னொருவர். கூட்டம் அத்தோடு கலைந்தது.

ஊருக்குப் பாலம் வரும்வரை நாங்கள் அரிசி வாங்கவும், பிள்ளை பெறவும், ஓட்டு வாங்கியவரைப் பார்க்கவும் படகில்தான் போனோம். இப்போது சக்கரம் வருகிறது. சக்கரம் வந்தால் பின்னாலேயே காபி வரும் என்பதைத் தியாகராய நகரில் பார்த்திருக்கிறேன். 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்த புதிதில், கடைக்குச் சரக்கு எடுக்கப் போனவன் அங்கே ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்தேன். வழவழவென்று நன்றாக இருந்தது. எழுந்திருக்க மனமில்லை. பிறகுதான் கவனித்தேன்: உட்கார இடம் இருக்கிறது, உட்கார்ந்து விற்க இடம் இல்லை. அந்த நடைபாதையில் ரவிக்கைத் துணியும் வளையலும் விற்றவர்களை 2013-லேயே ஒரு கட்டடத்துக்குள் மாடியேற்றிவிட்டார்கள். அந்தத் தெருவைப் பேர்பெற்ற தெருவாக்கியதில் அவர்களுக்கும் பங்குண்டு. தெரு பெரிய ஆளான பிறகு பழைய சிநேகிதரைத் தெரியாததுபோல் நடப்பது மனித இயல்பு. தெருவுக்கும் அந்த இயல்பு உண்டு போலிருக்கிறது.

எங்கள் சாதிசனத்துக்கு இன்னும் கிட்டத்தில் நடந்தது பட்டினப்பாக்கம் லூப் சாலை. நொச்சிக்குப்பத்துப் பெண்கள் தங்கள் வீட்டு வாசலில் மீனைக் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். சாலை பிறகு வந்தது. வந்த சாலை, வாசலைப் பார்த்து ‘நீ ஏன் என் ஓரத்தில் இருக்கிறாய்’ என்று கேட்டது. 2023 ஏப்ரலில் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், கடைகளை அகற்ற ஆள் வந்து, மீனவர்கள் சாலையில் இறங்கி, ஒருவழியாக 2024 ஆகஸ்டில் நவீன மீன் அங்காடி திறந்தார்கள். சுத்தமான மேடை, தண்ணீர்க் குழாய், கூரை. குறை சொல்ல மாட்டேன். வெயிலில் குந்தியவளுக்கு நிழல் பெரிய விஷயம். ஆனால் முறையைப் பாருங்கள்: முதலில் ஆக்கிரமிப்பாளர், நடுவில் போராட்டக்காரர், கடைசியில் பயனாளி. மூன்றும் ஒரே அம்மாள். எங்களுக்குச் செய்யும்போது நடுவில் உள்ள பதினாறு மாதத்தைக் குறைத்து, நேராகப் பயனாளியிலிருந்து ஆரம்பிக்க முடியுமா என்று அறிய விரும்புகிறேன்.

எங்கள் பகுதிக்குக் கடைத்தெரு புதிது என்று உங்கள் கோப்பில் யாராவது எழுதியிருந்தால் திருத்திக்கொள்ளவும். 1613-லேயே டச்சுக் கம்பெனி பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1690 வாக்கில் நாகப்பட்டினத்துக்குக் கிளம்பும்வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்கள் தலைமை அலுவலகம் இதுதான். சென்னையில் கோட்டைக்கு வாணம் தோண்டாத நாளில் இங்கே ஏற்றுமதிக் கணக்கு எழுதினார்கள். இந்தக் கரைத் துணியைக் கொண்டுபோய்க் கீழைத் தீவுகளில் கொடுத்து, கிராம்பும் சாதிக்காயும் வாங்கினார்கள். மலேசியாவில் இன்றைக்கும் கட்டம் போட்ட கைலிக்குக் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். அந்தப் பெலிக்காட் நாங்கள்தான். எங்கள் பெயர் அங்கே கடைக்குக் கடை மடித்து வைத்திருக்கிறது. எங்கள் பக்கம் கைலி எடுக்கப் பொன்னேரிக்குப் போகிறவர்கள் உண்டு.

அந்த ஏற்றுமதியின் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பஞ்சம் வந்த வருடங்களில் கம்பெனி துணியோடு ஆட்களையும் வாங்கியது. பசித்தவர்களை ஆயிரக்கணக்கில் அடிமைகளாகக் கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். ஆக, இந்தக் கரையில் பசியை ஒருமுறை நல்ல விலைக்கு விற்றாகிவிட்டது. வாங்கியவர்களில் பலர் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் அழகான கல்லுக்கடியில் இருக்கிறார்கள். வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூட்டைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் அதன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். விற்கப்பட்டவர்களுக்குக் கல் எதுவும் இல்லை.

உணவகத்துக்கு வருகிறேன். எங்கள் ஏரியின் களி நண்டைத் தாங்கள் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள், தட்டில். பிடித்தவுடன் அதன் இரண்டு கொடுக்கையும் உடம்போடு சேர்த்துக் கயிற்றால் கட்டுவார்கள். கட்டும் கை பழகிய கையாக இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் விரல் போய்விடும். எடை போட்டுத் தரம் பிரித்து, பெரியது ஒரு கூடை, கால் உடைந்தது ஒரு கூடை. பெரியது உயிரோடு சென்னைக்குப் போய், அங்கிருந்து விமானம் ஏறிச் சிங்கப்பூர் போகும். எங்கள் ஊரில் விமானம் ஏறிய உருப்படி எது என்று கேட்டால் பிள்ளைகள் யோசிக்காமல் நண்டு என்பார்கள். அங்கே அது மிளகாய்ச் சாற்றில் குளித்து மேசைக்கு வரும்போது என்ன விலை என்று ஒரு பையன் கைப்பேசியில் காட்டினான். கரையில் வியாபாரி கொடுத்த விலையும் எனக்குத் தெரியும். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் தாள் கிழிந்துவிடும் என்று எழுதவில்லை. கால் உடைந்த நண்டு மட்டும் எங்கள் வீட்டுக் குழம்புக்கு வரும். ருசியில் குறைவில்லை.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, உணவகமே இங்கே வந்துவிட்டால் நல்லதுதானே என்று எனக்கும் ஆசை வந்தது. ஒத்துழைப்பு முழுமையாக உண்டு. கூரையிலிருந்து தொங்கவிட்டு உள்ளே விளக்குப் போட வலை வேண்டியிருக்கும். கிழிந்த வலை எங்களிடம் ஏராளம். குறுக்கே அறுத்து வரவேற்பு மேசையாக்கப் பழைய படகும் தருகிறோம். கடற்கரைச் சாலை விடுதிகளில் பார்த்திருக்கிறேன், ‘மீனவன்’ என்ற சொல் பெயர்ப்பலகையில் இருக்கும், ஆள் வண்டி நிறுத்துமிடத்தில் விசில் ஊதிக்கொண்டிருப்பான். அதற்கும் பிள்ளைகள் தயார். கருவாட்டு வாசனை வருகிறதென்று சாப்பிட வந்தவர் புகார் கொடுத்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்: காற்று எங்களுடையது, காயப்போட்டதும் எங்களுடையது, மூக்கு ஒன்றுதான் வெளியூர்.

கடை ஒதுக்கீட்டில் தகராறு வரும் என்று பயப்பட வேண்டாம். அதற்கு இந்த ஏரியில் ‘பாடு’ என்று பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. நல்ல மீன் விழும் இடத்தை ஒருவனே பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. சீட்டுப் போட்டு, முறை வைத்து, இன்றைக்கு இந்த இடம் உனக்கு, அடுத்த முறை எனக்கு என்று மாறிக்கொண்டே இருக்கும். தியாகராய நகரில் வண்டி நிறுத்துவதற்கு இதை முயன்று பார்க்கலாம். குறையும் உண்டு, மறைக்க மாட்டேன்: பாட்டில் எல்லா ஊருக்கும் எல்லாச் சாதிக்கும் இடம் கிடையாது. வலையும் படகும் இல்லாத இருளர் பெண்கள், பறிக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, கழுத்தளவு குனிந்து, சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். உங்கள் ‘பல்வகை உணவு அரங்க’த்தில் அந்த அம்மாவுக்கு ஒரு கடை உண்டா என்று கேட்டு வைக்கிறேன். வாயில் பறி இருப்பதால் அவரால் கேட்க முடியாது.

சமையல்காரர் மீன் எங்கே என்று கேட்பாரே, அதுதான் ஒரு சின்னச் சிக்கல். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். முகத்துவாரத்தை மணல் அடைத்தால் வரவும் இல்லை, போக்கும் இல்லை. கதவடைத்த கல்யாண மண்டபம்தான். இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நடக்கும். தெற்கே எண்ணூர்ப் பக்கம் கடலுக்குள் சுவர் வைத்து வைத்து அதன் நடையைத் தடுத்தாகிவிட்டது. இன்னும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்க ஒரு திட்டம். அதற்கான கருத்துக்கேட்பை 2021-இல் ஒருமுறை, 2023 செப்டம்பரில் ஒருமுறை தள்ளிவைத்தார்கள். எங்கள் கருத்து அப்போதே தயாராக இருந்தது. இன்னும் கெடவில்லை, ஐஸில் வைத்திருக்கிறோம்.

இதற்கிடையில் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது. அன்றைக்கு உங்கள் உணவகத்தில் சைவம் மட்டும் என்று பலகை வைத்துவிடலாம். அண்ணாந்து பார்க்க டிக்கெட் போட்டால் நட்டமும் வராது.

ஒரு விஷயத்தைப் பகடியில்லாமல் எழுத வேண்டியிருக்கிறது. 2011 கிறிஸ்துமஸ் நாளில் உல்லாசமாக ஏரியைச் சுற்றிப் பார்க்கப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள். சுற்றுலாப் படகைப் பற்றி உங்கள் அறிக்கையில் ஒரு வரி எழுதுமுன், மிதவைச் சட்டைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

என் கடையைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். எட்டடிக்கு ஆறடி. பீடி, பிஸ்கட், ஷாம்பு பாக்கெட், தூண்டில் முள், நைலான் நூல், கடன் நோட்டு. ஏரியில் இறால் விழுந்தால் அன்றைக்கு மாலை பிஸ்கட் தீரும். விழாவிட்டால் நோட்டுத்தான் தீரும். இந்த ஊரின் சில்லறை வளர்ச்சி மொத்தமும் அந்த நோட்டில் இருக்கிறது. ஆய்வுக்கு வரும் ஆலோசகர் பார்க்கலாம். டீயும் தருவேன். காசு கொடுக்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெட்டிக்கடைக்காரன்.

இணைப்பு: களி நண்டு 1 (உயிருடன்). தபால் பிரிவில் கயிற்றை அவிழ்க்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். கால் உடையாதது.