மூன்று சுழியும் என் தலைச்சுழியும்

இருபது வருஷமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். "எழுத்து இன்னும் கொஞ்சம் தடிமனா இருக்கட்டும்" என்று கேட்ட யாரிடமும் நான் மறுப்பு சொன்னதில்லை. என் தோல்விகளில் பாதிக்கு அந்த நல்ல குணம்தான் காரணம்.

முதலாவது, தண்ணீர்ப் பந்தல். சித்திரை வெயிலில் எங்கள் தெருக்காரர்கள் பந்தல் போட்டார்கள். பத்தடி ஃப்ளெக்ஸ், என் உபயம். இருந்த தமிழ் எழுத்துரு மெலிந்து தெரிந்தது. கோரல் டிராவில் எஃப் 12 தட்டி, எழுத்தைச் சுற்றி அதே நிறத்தில் அவுட்லைன் கொடுத்தேன். போதவில்லை. இன்னும் கொடுத்தேன். திரையில் பயில்வான் மாதிரி நின்றது.

மறுநாள் பந்தலடியில் ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, மோர் குடுக்கிறீங்க, சரி. மேல எதுக்குக் கத்திரிக்காய் படம்?"

அண்ணாந்து பார்த்தேன். 'தண்ணீர்ப் பந்தல்' என்ற சொல்லில் ஐந்து புள்ளிகள். ஐந்தும் கீழே இருந்த எழுத்தோடு ஒட்டி, கத்திரிக்காய்க் காம்பாக மாறியிருந்தன. மூன்று சுழி 'ண'வின் மூன்று சுழியும் அடைத்துக்கொண்டு கொழுத்த காயாகத் தொங்கியது. அதுவும் இரண்டு. மோருக்குக் கூட்டம் குறையவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆங்கிலத்தின் எச், ஐ, எல் எல்லாம் நேர்க்கோடுகள். செரிஃப் என்கிற காலடிக் குஞ்சத்தை நறுக்கிவிட்டுப் பருமனாக்கினாலும் தாங்கும். நம் எழுத்துகளோ தமக்குள்ளேயே சுருண்டு கொள்பவை. கண் படிப்பது கறுப்பை மட்டுமல்ல, கறுப்பு விட்டுவைத்த வெள்ளையையும்தான். அவுட்லைன் வெளியே வளர்கிற அளவு உள்ளேயும் வளர்ந்து அந்த வெள்ளையைத் தின்றுவிடும். இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பத்தடி ஃப்ளெக்ஸ் தேவைப்பட்டது.

தமிழ்தான் சிக்கல், ஆங்கிலத்துக்குப் போவோம் என்று இம்பாக்ட் பக்கம் சாய்ந்தேன். 1965இல் ஜெஃப்ரி லீ வரைந்து, ஷெஃபீல்டின் ஸ்டீஃபன்சன் பிளேக் வார்ப்பகம் உலோக அச்சாக வெளியிட்ட எழுத்துரு அது. குறைந்த இடத்தில் முடிந்த மட்டும் மையை இறக்குவதுதான் அதன் நோக்கம். சுவரொட்டிக்கும் தலைப்புக்கும் பிறந்தது. 1996இல் மைக்ரோசாஃப்ட் இலவசமாக விநியோகித்த எழுத்துருக்களில் அதுவும் இருந்ததால் கண்ட இடமெல்லாம் வந்துவிட்டது. என் விசிட்டிங் கார்டுக்கும் வந்தது.

பெயருக்கு மட்டும் வைத்திருந்தால் பிழைத்திருப்பேன். கைபேசி எண்ணையும் அதிலேயே, ஏழு பாயின்ட்டில் போட்டேன். ஆறு, எட்டு, ஒன்பது மூன்றும் அச்சில் ஒரே கறுப்புப் பொட்டலமாக வந்தன. ஆயிரம் கார்டு. ஒரு மாதம் போன் அடிக்கவே இல்லை. கடைசியில் ஒரு வாடிக்கையாளர் நேரிலேயே வந்துவிட்டார். "என்ன சார், உங்க நம்பருக்கு அடிச்சா உயிர்க்கோழியா, உரிச்ச கோழியான்னு கேக்குறாங்க?"

இத்தனைக்குப் பிறகும் புத்தி வரவில்லை, லட்சியம்தான் வந்தது. நானே ஒரு தடித்த தமிழ் எழுத்துரு செய்வது என்று முடிவெடுத்தேன். மும்பையின் ஏக் டைப் குழுவினர் வரைந்த பாலூ தம்பியைப் பார்த்த மயக்கம் அது. அந்தக் குண்டு எழுத்துருவின் மலையாள வடிவம் சேட்டன், தெலுங்கு வடிவம் தம்முடு, பஞ்சாபி வடிவம் பாஜி. குடும்பமே அண்ணன் தம்பிகள். தமிழுக்குத் தம்பி என்றால் அண்ணன் இடம் காலி என்று நினைத்தேன்.

'ட' ஒரே மாலையில் முடிந்தது. 'ப' அரை மணி நேரம். 'ய', 'ம' இரண்டுக்கும் ஒரு வாரம். கால், புள்ளி எல்லாம் தயார். அப்புறம் 'ண'வைத் தொட்டேன். தேர்ந்தவர்கள் கோடு கூடுகிற மூலைகளில் ரகசியமாக மெலிய வைக்கிறார்கள், பக்கக்கோடுகளைவிடப் படுக்கைக்கோடுகளைச் சற்று ஒல்லியாக்குகிறார்கள், எல்லாம் ஒரே பருமன் போலக் கண்ணை ஏமாற்றுகிறார்கள். நான் நேர்மையாக எங்கும் ஒரே பருமன் வைத்தேன். மறுபடி கத்திரிக்காய். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் மட்டும் வந்திராவிட்டால் தும்பிக்கை வைத்த பழைய 'ணை'யையும் வரைய வேண்டியிருந்திருக்கும். அந்த அரசாணைக்கு என்னைவிட நன்றியுள்ளவன் எவனும் இருக்க மாட்டான்.

மூன்று வருஷம் ஆகிறது. 'ண' இன்னும் அடுப்பில். முடிந்த எழுத்துகளை வைத்து, பெருமையாகப் 'பட்டம்' என்று பெரிதாக அச்சடித்து வீட்டுக் கூடத்தில் ஒட்டினேன். மனைவி காபி டம்ளரோடு நின்று பார்த்தாள்.

"நல்லாத்தாங்க இருக்கு. இந்த எழுத்தை வெச்சு வேற என்னென்ன எழுதலாம்?"

பதில் சொல்வதற்குள் அவளே விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தாள்.

"மட்டம்" என்றாள். கொஞ்சம் யோசித்து, "டப்பா."