இந்தத் தடவை மட்டும்

யாருக்கு ஓட்டுப் போடப் போகிறீர்கள் என்று ஓட்டுக்கணக்கு அண்ணனிடம் மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். பெரிய கட்சி எதையாவது சொன்னால் பிழைத்தீர்கள். தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். சுயேச்சை, நாம் தமிழர், நோட்டா என்று ஏதாவது சொன்னீர்களோ, உங்கள் கையில் இருக்கும் டீ உங்களுடையது இல்லை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே பிடுங்கிக்கொள்வார். ஓட்டு எப்படிப் பிரிகிறது என்பதை வெறும் வாயால் விளக்க அண்ணனுக்கு வராது. கிளாஸ் வேண்டும், அதுவும் அடுத்தவர் கிளாஸ், அதில் டீயும் இருக்க வேண்டும். பெஞ்சில் வரிசையாக வைப்பார். 2024 மக்களவைத் தேர்தல் என்றால், "இது ஏணி. இது பலாப்பழம். இது இரட்டை இலை. இது நாம் தமிழரோட மைக்கு." அப்புறம் உங்கள் பக்கம் திரும்புவார். "அப்பு, நீ கோவத்துல மைக்குக்குப் போடுறே. கோவம் நியாயந்தான், நான் இல்லைங்கலை. ஆனா உன் ஓட்டு எங்க போகுதுன்னு பாரு." உங்கள் டீயில் பாதி, உங்களுக்கு அறவே ஆகாத கட்சியின் கிளாஸுக்குள் போயிருக்கும். நோட்டா என்று சொன்ன பையனுக்கு இந்தச் சலுகைகூடக் கிடையாது. அவன் டீ நேராகத் தரைக்கு. "போச்சா? நாய்கூட நக்காது."

இராமேசுவரம் தீவில் அவருக்கு வசதியாக ஒன்று அமைந்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2019இல் இங்கே வாக்குப்பதிவு ஏப்ரல் 18. 2024இல் ஏப்ரல் 19. விசைப்படகெல்லாம் கரையில் மராமத்தில் நிற்க, ஆம்பளைகள் எல்லாரும் டீக்கடையில். கடலுக்குப் போக வேண்டும் என்று சாக்குச் சொல்லி எழுந்து போகவும் முடியாது.

நோட்டாவின் மேல் அவருக்கு இருக்கும் கோபம் தனி. 2013இல் உச்சநீதிமன்றம் அந்தப் பொத்தானை வைக்கச் சொன்ன நாளிலிருந்து புகைகிறார். நோட்டாவே முதலிடத்துக்கு வந்தாலும் அதற்கு அடுத்து நிற்கிறவர்தான் எம்.பி. என்பது அவருக்குத் தெரியும். தெரியாதவர்களை அவர் விடுவதில்லை.

கணக்கில் அவரை மடக்கவும் முடியாது. 2016இல் ராதாபுரம் 49 ஓட்டு, காட்டுமன்னார்கோவில் 87 ஓட்டு என்று ஒப்பிப்பார். மதுரைக்கு வடக்கே போகாத மனுஷர் ஃபுளோரிடாவுக்குப் போய்விடுவார். அமெரிக்காவில் 2000இல் அந்த ஒரு மாநிலத்தில் புஷ் 537 ஓட்டில் முந்தினார். மூன்றாவதாக நின்ற நேடர் வாங்கியது 97 ஆயிரத்துக்கு மேல். "நேடருக்குப் போட்டவன் பூராவும் நல்லவந்தேன் அப்பு. நல்லவனாலதேன் கெட்டுச்சு." இத்தனை தூரம் போக வேண்டியதில்லை என்று யாராவது முனகினால் உடனே ஊருக்குத் திரும்பி 2019ஐ எடுப்பார். அந்த வருஷம் இங்கே ஏணிச் சின்னத்தில் நின்ற நவாஸ்கனி ஜெயித்த வித்தியாசம் 1,27,122, அ.ம.மு.க.வின் பரிசுப் பெட்டி வாங்கியது 1,41,806. இந்த இரண்டு எண்ணையும் அவர் அருகருகே சொல்லும்போது தோத்திரம் சொல்வதுபோல் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒரு தொகுதியில் ஒருவர்தான் ஜெயிக்க முடியும் என்றால் மூன்றாவது ஆளுக்குப் போடவே ஜனங்கள் தயங்குவார்கள், ஊர் இரண்டு பெரிய கட்சியாய்ப் பிரிந்துவிடும் என்று பிரான்ஸ் நாட்டு அறிஞர் துவெர்ஜே 1950களில் புத்தகமே எழுதினார். அண்ணன் அதைப் படித்ததில்லை. படிக்காமலே அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். டீச்செலவு மட்டும் எங்களுடையது.

நல்ல குணமும் உண்டு. சொல்லாமல் விட்டால் பாவம். 2024இல் ஓ.பன்னீர்செல்வம் இங்கே பலாப்பழத்தில் நின்றபோது, அதே பெயரில் இன்னும் ஐந்து பன்னீர்செல்வங்கள் வாக்குச்சீட்டில் ஏறிவிட்டார்கள். அண்ணனுக்குத் தூக்கம் போனது. அவருக்குப் பன்னீர்செல்வம் வேண்டியவரும் இல்லை, வேண்டாதவரும் இல்லை. ஒரு கிழவி ஒருத்தருக்கு நினைத்துப் போட்ட ஓட்டு இன்னொருத்தருக்குப் போய்விடுமே என்பதுதான் கவலை. எழுத்து தெரியாத அப்பத்தாமார் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து, எந்தக் கட்சிக்காரி என்று பாராமல், அவரவர் சின்னத்தைக் காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து கொடுத்தார். ஏணி, இலை, பலா, மைக் எல்லாம் வரைந்தார். மைக் வரையும்போது மட்டும் பெருமூச்சு விட்டாராம்.

ஜூன் 4ஆம் தேதி முடிவு வந்தது. நவாஸ்கனி 5 லட்சத்து 9 ஆயிரத்துச் சொச்சம். பன்னீர்செல்வம் 3 லட்சத்து 42 ஆயிரத்துச் சொச்சம். இரட்டை இலை 99 ஆயிரத்துச் சொச்சம். மைக் 97 ஆயிரத்துச் சொச்சம். தடைக்காலம் முடியவில்லை, கடை நிறைய ஆள். அண்ணன் மூன்று கிளாஸைத் தூக்கினார். சர்க்கரை வியாதிக்காரரின் சீனியில்லாத டீ, மேஸ்திரியின் கடுங்காப்பி, ஒரு பள்ளிக்கூடப் பையனின் பால். மூன்றையும் ஒன்றாக ஊற்றி, "கூட்டிப் பாரு அப்பு, 5 லட்சத்து 40 ஆயிரம்! ஏணியைத் தாண்டுது!" என்றார். சொச்சங்களையும் சேர்த்தால் கூட்டல் சரிதான். "சரிண்ணே, இப்ப அதை யார் குடிக்கிறது?" என்று கடைக்காரர் கேட்டார். யாரும் குடிக்கவில்லை. மூன்றுக்கும் காசு யார் தருவது என்பதில்தான் அன்றைய தகராறு.

இதுவரை சிரித்தாயிற்று. இனி எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இந்தத் தடவை மட்டும்" என்பது அண்ணனின் மந்திரம். இந்தத் தடவை மட்டும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பெரிய கட்சிக்குப் போடுங்க, அடுத்த தடவை பாத்துக்கலாம். அவர் தலை கறுப்பாக இருந்தபோதும் இதையேதான் சொன்னார். அடுத்த தடவை என்ற ஒன்று எங்கள் தீவுக்கு இன்னும் வரவில்லை. கச்சத்தீவு 1974இல் இலங்கைக்குப் போனது. அதற்குப் பிறகு எந்தப் பெரிய கட்சி அதைப் பற்றிப் பேசாமல் ஓட்டுக் கேட்டது? 2018இல் இலங்கை தன் சட்டத்தைத் திருத்தி, எல்லை தாண்டும் அயல்நாட்டுப் படகுகளுக்கு அபராதத்தைக் கடுமையாக ஏற்றியது. பிடிபட்ட படகு போனது போனதுதான் என்று ஆகிவிட்டது. ஒரு படகோடு போவது ஒரு குடும்பத்தின் வட்டிக்கடன். நம் ஓட்டு எப்படியும் தனக்குத்தான் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் ஒரு கட்சி எதற்கு இறங்கிவந்து பேசும்? இந்தக் கணக்குக்கு அண்ணனிடம் கிளாஸ் இல்லை.

1996இல் மொடக்குறிச்சியில் தங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்று விவசாயிகள் வரிந்து கட்டிக்கொண்டு தேர்தலில் நின்றதில் வேட்பாளர்கள் 1,033 பேர். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள். "என்ன ஆச்சு? தி.மு.க.தானே ஜெயிச்சுச்சு" என்பார் அண்ணன். ஜெயித்தது தி.மு.க.தான். ஆனால் அந்த வருஷமே சட்டமன்றத் தேர்தலுக்கான காப்புத்தொகையை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக ஏற்றினார்கள். வீணான ஓட்டைக் கண்டு யாரும் அப்படிப் பயப்பட மாட்டார்கள்.

பெரிய கட்சிக்குப் போடுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. நானும் பல தடவை போட்டிருக்கிறேன். போட்டபின் போய்க் கேட்க வேண்டும். அண்ணனின் அக்கறை வாக்கு எண்ணிக்கையோடு முடிந்துவிடுகிறது. ஜெயித்தவர் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. படகை மீட்கச் சொல்லித் தங்கச்சிமடத்தில் உண்ணாவிரதப் பந்தல் போட்டால் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். அது தேர்தல் இல்லையாம்.

அண்ணே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பந்தலுக்கு நீங்கள் வர வேண்டும். உங்கள் பேச்சைக் கேட்டு நாங்கள் பெரிய கட்சிக்குப் போட்ட ஓட்டு எத்தனை என்று உங்களுக்குத்தான் பூத் வாரியாகத் தெரியும். அந்தக் கணக்கை ஜெயித்தவர் முன்னால் வந்து ஒரு தடவை சொல்லுங்கள். இந்தத் தடவை மட்டும்.