மியூனிக் தந்த தங்கமும் மாஸ்கோ தந்த பூஜ்யமும்

எங்கள் ஊர் தேகப்பயிற்சி நிலையத்தில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று அனுமார். இன்னொன்றில் தடித்த கிருதா, பெரிய தொந்தி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த பார் என்று ஒரு மனிதர். ‘சோவியத் நாடு’ இதழின் வழவழப்பான தாளிலிருந்து வெட்டி, வாத்தியாரே பசை தடவி ஒட்டியது. “இவ்ளோ தொப்பை வெச்சிருக்காரு, இவரா பயில்வான்?” என்று நாங்கள் சிரிப்போம். “தொப்பையப் பாக்காதடா, பாதத்தப் பாரு. தலைக்கு மேல அவ்வளவு எடை நிக்குது, பாதம் நகரவே இல்ல பாரு” என்பார் வாத்தியார். வாசிலி அலெக்சேயெவ் எனக்கு அறிமுகமானது அப்படித்தான்.

அவர் பிறந்தது 1942இல், ரஷ்யாவின் ரியாசான் பகுதிக் கிராமம் ஒன்றில். பிறகு குடும்பம் வடக்கே ஆர்க்கேஞ்சல் பக்கம், மரம் வெட்டும் ஊருக்குப் போனது. சிறு வயதிலேயே காட்டு வேலை பழகிய உடம்பு அது. பின்னாளில் அவர் நிலைகொண்ட ஷாக்தி, நிலக்கரிச் சுரங்க ஊர். பயிற்சியாளரின் சொல்லே சட்டமாக இருந்த சோவியத் முறையில், அவர் தன் பயிற்சியாளரை விட்டு விலகித் தனியாகப் பயிற்சி செய்தார். தன் உடம்புக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்பதைத் தானே சோதித்துத் தெரிந்துகொண்டார். அவருடைய வெற்றிக்கும், பிறகு வந்த வீழ்ச்சிக்கும் இந்தத் தனிமைதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அன்று பளு தூக்குதலில் பிரஸ், ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்று மூன்று பிரிவுகள். 1970 மார்ச்சில் மின்ஸ்க் நகரில் மூன்றையும் சேர்த்து 600 கிலோவை எட்டினார். அதுவரை உலகில் எவரும் தொடாத எல்லை அது. அதே ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் 227.5 கிலோவை ஜெர்க் செய்தார். 500 பவுண்டைத் தலைக்கு மேலே உயர்த்திய முதல் மனிதர் அவர்தான். எதிர்முகாம் நாட்டு ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 640 கிலோவுடன் தங்கம்.

மியூனிக்கோடு பிரஸ் பிரிவை எடுத்துவிட்டார்கள். வீரர்கள் முதுகை வளைத்துச் சாய்ந்து தூக்கியதால் நடுவர்களால் சரியாகத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை, முதுகெலும்புக்கும் ஆபத்து. பிரஸ்ஸில் உலகச் சாதனை வைத்திருந்த ஒருவருக்கு இது பெரிய இழப்பு. அவரோ மீதமிருந்த இரண்டு பிரிவுகளிலும் மேலே மேலே போனார். 1976 மான்ட்ரியலில் ஸ்நாட்ச் 185, ஜெர்க் 255, மொத்தம் 440 கிலோ, மறுபடி தங்கம். 1970 முதல் 1977 வரை தொடர்ந்து எட்டு முறை உலக சாம்பியன். மொத்தம் 80 உலகச் சாதனைகள். அன்று அரை கிலோ கூடினாலே சாதனை. இன்று குறைந்தது ஒரு கிலோ கூட வேண்டும். ஒவ்வொரு சாதனைக்கும் பணப் பரிசு கிடைத்ததால் அவர் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார் என்பார்கள். இருக்கட்டும். எட்டு ஆண்டுகள் தோல்வியே காணாமல், ஒவ்வொரு முறையும் உலகம் காணாத எடையை மேடைக்குக் கொண்டுவருவது வெறும் பண ஆசையால் ஆகிற காரியமில்லை.

1978இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் உலகப் போட்டியில் காயம்பட்டு வெளியேறினார். பிறகு இரண்டு ஆண்டுகள் மேடைப் பக்கம் வரவில்லை. 1980இல் சொந்த நாட்டிலேயே, மாஸ்கோ ஒலிம்பிக்கில் வந்து நின்றபோது வயது 38. முதல் எடையாக 180 கிலோ கேட்டார். மூன்று முறை முயன்றார், மூன்றும் விழுந்தன. ஸ்நாட்சிலேயே போட்டி முடிந்தது, கணக்கில் பூஜ்யம். யாருடைய பெயரைச் சொல்லி அந்த நாடு பெருமைப்பட்டதோ, அவரைப் பார்த்து அரங்கம் சீட்டியடித்தது, கூச்சலிட்டது. அன்று தங்கம் வென்ற அவருடைய நாட்டுக்காரர் சுல்தான் ரக்மானோவ் தூக்கிய மொத்த எடையும் 440 கிலோதான். நான்கு ஆண்டுகளுக்கு முன் அலெக்சேயெவ் மான்ட்ரியலில் தூக்கிய அதே எடை.

செய்தி வந்த பிறகும் எங்கள் வாத்தியார் படத்தைக் கழற்றவில்லை. “எறக்க முடியுமா? எண்பது தடவ ஜெயிச்சவன் ஒரு நாள் தோத்தான். அவ்வளவுதான்டா கணக்கு” என்றார்.

அந்த விளையாட்டின் இயல்பே அப்படி. ஓட்டக்காரர் களைத்தாலும் கடைசியாகவாவது வந்து சேரலாம். பளு தூக்குபவருக்கு அது இல்லை. மூன்று வாய்ப்பும் தவறினால், வருடக்கணக்கான உழைப்புக்கு எதிரே எண்ணே இருக்காது. அதே ஷாக்தி ஊரில் பயின்ற டேவிட் ரிகெர்ட் 1972இலும் 1980இலும் பூஜ்யத்தோடு திரும்பினார். இடையில் 1976இல் தங்கம் வென்றார். நம் மீராபாய் சானு 2016 ரியோவில் ஜெர்க்கின் மூன்று முயற்சிகளையும் தவறவிட்டார். 2021இல் டோக்கியோவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார்.

அலெக்சேயெவ் மேடைக்குப் பயிற்சியாளராகத் திரும்பினார். 1992 பார்சிலோனாவில், சோவியத் யூனியன் கலைந்தபின் ஒன்றாக வந்த கூட்டணி அணி, அவர் பொறுப்பில் ஐந்து தங்கம் வென்றது. தனியாகவே பயிற்சி செய்த மனிதர், நாடே இல்லாமல் போன பிள்ளைகளை ஓர் அணியாக நிறுத்திக் காட்டினார். 80 சாதனைகளுக்கு நிகராக இதையும் வைக்க வேண்டும் என்பேன். 2011 நவம்பர் 25 அன்று, 69 வயதில், சிகிச்சைக்காகப் போன இடத்தில் அவர் காலமானார். அந்த இடம், முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய அதே மியூனிக்.

இன்று அவர் சாதனை எதுவும் பட்டியலில் இல்லை. 2021இல் தாஷ்கண்டில் ஜார்ஜியாவின் லாஷா தலகாட்சே இரண்டே பிரிவுகளில் 492 கிலோ தூக்கிவிட்டார். எண்கள் முந்தப்படுவதற்காகவே இருக்கின்றன, அதில் வருத்தமில்லை. என் வருத்தமெல்லாம் மாஸ்கோ அரங்கத்தைப் பற்றித்தான். எட்டு ஆண்டுகள் தங்களுக்காகச் சுமந்தவரை ஒரே மாலையில் அவர்கள் கைவிட்டார்கள். நம் வீட்டுப் பெண்ணோ பையனோ நாளை ஒரு மேடையில் மூன்று முறையும் தவறவிடலாம். அன்று அவர்களுக்குக் கைதட்டுங்கள். ஜெயித்தவருக்குக் கைதட்ட ஊரே இருக்கிறது.