கொம்புக்கு வர்ணம் அடிச்ச பேராண்டிக்கு

ஏ பேராண்டி, வார ஞாயித்துக்கெழமை பொண்ணு வீட்டார் வாராக. ஒங்கம்மா வீடு பூரா வெள்ளையடிச்சு முடிச்சிட்டா. மாடிக்கு மட்டும் ஏறல. "அந்த ரூமுக்குள்ள நான் போக மாட்டேன் மாமா, நீங்களே அவங்கிட்டச் சொல்லுங்க"ன்னு எந்தலையில கெட்டிட்டா. அவளைச் சொல்லிக் குத்தமில்ல. ஒருநா ராத்திரி ஒனக்குத் தண்ணி குடுக்க வந்திருக்கா. நீ ஒரு மஞ்ச ரப்பர் வாத்தை எதுக்க நிப்பாட்டி, "இந்த எடத்துல ஏன் நிக்குது? அதுக்கு முந்துன வரி சரியாத்தான இருக்கு?"ன்னு கெஞ்சிக்கிட்டு இருந்திருக்க. செம்பை வாசல்லயே வச்சிட்டு எறங்குனவ, இருக்கன்குடி அம்மனுக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வச்சிட்டுத்தான் படுத்தா.

பயப்படாத. கம்ப்யூட்டர் சோலிக்குன்னு ஒம் மேசையில அடுக்கி வச்சிருக்குறதைத் தொடைச்சு எடு, தூக்கி எறின்னு சொல்ல வரல. அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? மாட்டுப்பொங்கலுக்கு மயிலைக் காளைக்குக் கொம்பு சீவி, ஒண்ணுக்குப் பச்சை, ஒண்ணுக்குச் செவப்புன்னு வர்ணம் அடிச்சு, பித்தளைக் குப்பி மாட்டி, வேணும்னே தெருவுல நாலு நடை ஓட்டிக்கிட்டுப் போனவன் நான். உழவுக்கும் வர்ணத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணுமில்ல. இன்னார் மாடுன்னு தெரியணும்ல, அதுக்குத்தான். ஒம் மேசையும் அதே கணக்குத்தான்னு நானும் ஒத்துக்கிட்டேன். ஆனா ஒண்ணு, மாட்டுத் தாவணியில தரகன் கொம்பைப் பாக்க மாட்டான். வாயைத் தொறந்து பல்லைப் பாப்பான். நீ குளிக்கப் போன நேரத்துல நானும் ஒம் மேசையோட பல்லைப் பாத்துட்டேன். அதைக் கடைசியில சொல்றேன், அவசரப்படாத.

மொதல்ல வெளக்கு. பருத்தியும் வத்தலும் குமிச்சு வச்சிருந்த ரூமுடா அது. இப்ப இருட்டுனா சன்னல் வழியா ஊதா, பச்சை, செவப்புன்னு மாறி மாறி அடிக்குது. கம்மாக்கரையில நின்னு பாத்தவன், "என்ன பெரியவரே, வீட்டுல நாடகம் போடுறாகளா"ன்னு கேக்குறான். ஒன் தங்கச்சி சொல்றா, செவப்புல 256 படி, பச்சையில 256, நீலத்துல 256, மூணையும் பெருக்குனா 1,67,77,216 நெறம் வருமாம். வரட்டும். அம்புட்டு நெறத்தை மேசைக்கு வாங்கிக் குடுத்துட்டு நீ தெனமும் அதே கறுப்புச் சட்டையத்தான மாட்டுற?

அந்தச் சட்டையில வேற, உலகத்துல 10 வகை ஆளுக இருக்காகன்னு இங்கிலீசுல போட்டிருக்கு. அதைப் பத்துன்னு வாசிச்சா நான் பட்டிக்காட்டான், ரெண்டுன்னு வாசிச்சா நான் ஒங்காளு. சரி, ரெண்டுன்னே வாசிக்கிறேன். வெதை வாங்க ஒங்கிட்ட நான் 1000 ரூவா கைமாத்து வாங்குனேன்ல, அதை ஒங்கணக்குல வாசிச்சா 8 ரூவா வருது. சில்லறையா எடுத்து வச்சிருக்கேன், வந்து வாங்கிக்கோ.

அடுத்து லேப்டாப்பு மூடி. ஒரு விரக்கடை எடம் பாக்கி இல்லாம ஸ்டிக்கர். அது யாரோட லேப்டாப்புடா? கம்பெனிக்காரன் குடுத்தது. அடியில அவன் ஒட்டுன நம்பர் சீட்டு அப்பிடியே இருக்கு. வேலைய விட்டன்னா வாங்கி வச்சிக்கிடுவான். எரவல் மாட்டுக்குக் கொம்பு சீவுனவன் நம்ம வம்சத்துலயே நீ ஒருத்தன்தான்.

அதுல அந்தக் குண்டுப் பறவை மட்டும் எனக்குப் பிடிச்சிருக்கு. பென்குயினாமே. 1996-ல லினக்ஸுங்கிற மென்பொருளுக்குச் சின்னமா லாரி யூவிங்னு ஒருத்தர் வரைஞ்சதாம். லினக்ஸை ஆரம்பிச்ச டோர்வால்ட்ஸ், கான்பெரா மிருகக்காட்சி சாலையில ஒரு குட்டிப் பென்குயின் தன்னைக் கொத்திருச்சுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச மனுசனாம். படம் எப்பிடி வேணும்னு பேச்சு வந்தப்ப, வயிறு முட்ட மீனைத் தின்னு ஏப்பமும் விட்டுட்டு, நிம்மதியா உக்காந்திருக்கணும்னு சொன்னாராம். சிங்கம் வேணும், கழுகு வேணும்னு கேக்காம, சாப்பிட்டு உக்காந்த பறவையக் கேட்டாரு பாரு, அந்த மனுசன் நம்ம திண்ணையில உக்கார லாயக்கான ஆளு.

மத்ததெல்லாம் எப்பிடி வந்துச்சு? ஒங்க சோலிக்காரங்க வழக்கம் எனக்குத் தெரியும்டா. ஒரு கூட்டத்துக்குப் போனா அங்க குடுக்குறதை ஒட்டிக்கிடுவாக. பொதுவுல கெடக்குற ஒரு மென்பொருளுக்கு நாலு வரி எழுதிக் குடுத்தா அதுக்குக் கெடைச்சதை ஒட்டிக்கிடுவாக. அதைப் பாத்த இன்னொருத்தன், "அட, நீயும் அங்க வந்திருந்தியா"ன்னு பேச்சுக் குடுப்பான். நீ என்ன செஞ்ச? நூறு ஸ்டிக்கர் ஒரு பொட்டலம்னு ஆன்லைன்ல வாங்கி, ஒரே மத்தியானத்துல ஒட்டி முடிச்ச. உரிச்சுப் போட்ட காயிதத்தைக் கூட்டி அள்ளுனவன் நாந்தான். அதுல கோ மொழிக்காரங்களோட நீலப் பெருச்சாளி இருக்கு, ரஸ்ட் மொழிக்காரங்களோட செவப்பு நண்டு இருக்கு. ரெண்டு மொழியிலயும் ஒனக்கு ஒத்த வரி வராதுன்னு ஒன் தங்கச்சி போட்டுக் குடுத்துட்டா. பொண்ணும் ஒன் சோலிதான் பாத்துக்கோ. அந்த நண்டைப் பாத்து, "ரஸ்ட் எழுதுவீங்களா"ன்னு கேட்டா என்னடா சொல்லுவ? நண்டுக்கொழம்பு பிடிக்கும்னு சொல்லித் தப்பிச்சுக்கோ.

ஒன்னை மட்டும் சொல்லிப் புண்ணியமில்ல. ஹாக்டோபர்ஃபெஸ்ட்னு வருசா வருசம் அக்டோபர் மாசம் ஒரு கொடை நடக்குதாமே. பொது மென்பொருளுக்கு நாலு திருத்தம் எழுதி அனுப்புனா சட்டை இலவசமாக் குடுத்திருக்காக. 2020-ல சட்டைக்கு ஆசைப்பட்டு ஊருப்பட்ட கூட்டம் கெளம்பி, அடுத்தவன் எழுதி வச்ச வெளக்கக் குறிப்புக்குள்ள 'அருமையான'ன்னு ஒரு சொல்லைச் செருகி, இதுதான் திருத்தம்னு அனுப்பி வச்சிருச்சு. வந்து குமிஞ்ச குப்பைய அள்ளி மாளாம அந்த மென்பொருள்காரங்க கூப்பாடு போட, நடத்துனவுக கொடை நடக்கையிலயே சட்டத்தை மாத்துனாக. யாரு தானா முன்வந்து கதவைத் தொறந்து வைக்காகளோ அவுக வீட்டுக்கு மட்டும் போங்கன்னுட்டாக. மேலுக்குச் சட்டை மாட்டுறதுக்கு வெக்கத்தை அவுத்துப் போட்ட கதை.

இப்பக் கீபோர்டுக்கு வா. லேப்டாப்புலயே ஒண்ணு இருக்கு. அதுக்கு மேல மூணு வச்சிருக்க, நாலாவது வந்துக்கிட்டு இருக்குன்னு கூரியர்க்காரப் பையன் சொல்றான். கட்டைக்கு அடியில நீலத் தண்டு வச்சா டக்கு டக்குன்னு சத்தம் போடும், செவப்பு வச்சா சத்தமில்லாம வழுக்கி எறங்கும், காப்பி நெறம் ரெண்டுங்கெட்டான். நீ வாங்குனது நீலம். நடுச்சாமத்துல நீ தட்டுறது கீழ படுத்திருக்குற எனக்கு எழுத்து எழுத்தாக் கேக்குது. அடிச்சதை அழிக்கிறது உள்பட.

அந்தப் பொண்ணு கலியாணத் தரகர் மூலமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டு விட்டிருக்கு. சம்பளம் கேக்கல, நெலபுலம் கேக்கல. "கீபோர்டு நீலமா, செவப்பா?" தரகர் பாவம், பட்டுச்சேலையப் பத்திக் கேக்குதுன்னு நெனச்சு ஒங்கம்மாகிட்ட வந்து நின்னாரு. நாந்தான் குறுக்க விழுந்து, "பையன் செவப்புக்கு மாறிட்டான்"னு சொல்லி அனுப்புனேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள மாறிரு.

1985-ல ஐ.பி.எம். கம்பெனி மாடல் எம்-னு ஒண்ணு போட்டுச்சாம். ரெண்டு கிலோவுக்கு மேல எடை, கட்டைக்குக் கட்டை சுருள்வில்லு. நாப்பது வருசம் ஆகியும் அதை விடாம வச்சு அடிக்கிறவுக இருக்காகளாம். சத்தத்துல அது ஒன்னோடதுக்கு அண்ணன். ஆனாலும் அதை வச்சிருக்கவனைக் கண்டா நான் எந்திரிச்சு நிப்பேன். நீ பொட்டி பிரிக்கிற ஆசையில வாங்குறவன். பழைய பொட்டியக்கூட வெளிய போட மனசில்லாம பரண்ல அடுக்கி வச்சிருக்க. அதுல எலி குட்டி போட்டிருக்கு, தெரியுமா?

ஒன் கீபோர்டுக் கட்டையில இங்கிலீசு எழுத்துக்குப் பக்கத்துல பொடிசா இன்னொரு எழுத்து இருந்துச்சு. தமிழோன்னு கண்ணாடியப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சேன். சப்பான் எழுத்தாம். வாசிக்கத் தெரியுமாடான்னா தெரியாது, அழகுக்காம். 1999-ல நம்ம அரசாங்கம் தமிழ்99-ன்னு ஒரு விசைப்பலகை முறைய அறிவிச்சிருக்கு. எடது கைக்கு உயிரெழுத்து, வலது கைக்கு மெய்யெழுத்துன்னு பிரிச்சு, க, ப, ம, த, ந எல்லாத்தையும் வலது கைக்கு நடு வரிசையிலயே வரிசையா உக்கார வச்சிருக்காக. ஒன் தங்கச்சி அதுலதான் எனக்குப் பட்டா மாறுதலுக்கு மனு அடிச்சுக் குடுத்தா. நீ மாடியில இருந்துக்கிட்டு 'சாப்பிட்டாச்சா தாத்தா'ன்னு இங்கிலீசு எழுத்துல போனுக்கு அனுப்புற. அதை வாசிச்சுச் சொல்ல அவ காலேசு விட்டு வரணும். அதுக்குள்ள எனக்குச் சாப்பாடு செமிச்சிருது.

பொம்மைகளைப் பத்தி ரொம்பச் சொல்ல மாட்டேன். சன்னல் திண்டுல வரிசையா நிக்குற பொம்மைகளைப் பாத்துட்டுத் தரகர் எங்காதுல வந்து, "மாப்பிள்ளைக்கு இது மொதல் கலியாணந்தான?"ன்னு கேட்டாரு. புள்ளை இருக்குற வீடுன்னு நெனச்சிட்டாரு. பாதியப் பெட்டிக்குள்ள வையி, போதும்.

வாத்து இருக்கட்டும். அதுல ஒரு விசயம் இருக்கு. ஆண்ட்ரூ ஹண்ட்டு, டேவிட் தாமஸ்னு ரெண்டு பேரு 1999-ல எழுதுன புத்தகத்துல இருந்து வந்த பழக்கமாம். சிக்கலை வரி வரியா வாய்விட்டு வெளக்கிச் சொன்னா, சொல்லும்போதே தப்பு தட்டுப்பட்டுருமாம். கேக்க ஆளு இல்லைன்னா வாத்தாம். ஆளு இல்லையாடா? நான் ஒருத்தன் திண்ணையில சும்மாதான உக்காந்திருக்கேன்? எனக்கும் ஒண்ணும் புரியாது, நடுவுல பேசவும் மாட்டேன். வாத்தைக் காட்டிலும் கூட ஒண்ணு செய்வேன், "அப்புறம்?"னு கேப்பேன். ஒரு டம்ளர் காப்பிதான் செலவு. ஒங்கம்மாவும் காசு முடியிறதை நிப்பாட்டுவா.

மேசையில என்னதான் வைக்கிறதுன்னு கேப்ப. எனக்குச் சோடியான ஒரு கெழவி கதைய ஒன் தங்கச்சி சொன்னா. கிரேஸ் ஹாப்பர்னு பேராம். அமெரிக்காக் கப்பற்படையில கம்ப்யூட்டர் வேலை பாத்து, 79 வயசுல, 1986-லதான் ஓய்வு வாங்கியிருக்கா. அவ ஆபீசுச் செவுத்துல இருந்த கெடிகாரம் இடப்பக்கமாச் சுத்துமாம். மணி என்னமோ சரியாத்தான் காட்டும். "எப்பவும் இப்பிடித்தான செஞ்சுக்கிட்டு இருக்கோம்"னு எவனாச்சும் வாயெடுத்தா, அதைக் காட்டுவாளாம். போற கூட்டத்துக்கெல்லாம் கையில ஒரு கத்தைக் கம்பி கொண்டுக்கிட்டுப் போவா. ஒவ்வொண்ணும் ஒரு அடிக்குச் சித்தக் கொறைச்சல், 11.8 அங்குலம். ஒரு நொடிய நூறு கோடியாப் பங்கு வச்சா, அதுல ஒரு பங்கு நேரத்துல வெளிச்சம் அம்புட்டுத் தூரந்தான் போகுமாம். சேதி வந்து சேர ஏன் நேரமாகுதுன்னு கேட்ட பெரிய பெரிய அதிகாரிக கையில அந்தக் கம்பியக் குடுத்து, வழியில இது எத்தனை கெடக்குன்னு நீங்களே எண்ணிப் பாருங்கன்னு சொல்லிருவா. காக்காசு பெறாத கம்பிடா! அதுல ஒரு வெளக்கு எரியல, ஒரு பொம்மை ஒட்டல. அவ வேலை பூரா அதுல இருந்துச்சு.

1947 செப்டம்பர் 9-ல ஹார்வர்டு மார்க் 2 மிசினுக்குள்ள ஒரு அந்துப்பூச்சி சிக்கி வேலை நின்னு போக, அவ கூட இருந்தவுக அதை எடுத்துக் கணக்கு நோட்டுல பசை நாடா போட்டு ஒட்டி வச்சிருக்காக. வாசிங்டன்ல ஸ்மித்சோனியன் காட்சிச் சாலைக்காரங்க அதை இன்னமும் பத்திரமா வச்சிருக்காகளாம். அதும் ஸ்டிக்கர்தான் பேராண்டி. பொட்டலத்துல வராத ஸ்டிக்கர்.

சரி, பல்லு விசயத்துக்கு வாரேன். நீ குளிக்கப் போனப்ப அந்தக் கீபோர்டைத் தூக்கி வெளிச்சத்துல சாச்சுப் பாத்தேன். பிளாஸ்டிக்குக் கட்டைல, விரல் பட்டுப் பட்டு எண்ணெய் ஏறி எது அதிகமா ஓடுதோ அது பளபளன்னு வழுவழுத்துப் போகும். ஒன்னோடதுல பூராக் கட்டையும் வாங்குன மேனிக்கு நெருநெருன்னு இருக்கு. மூணே மூணு மட்டும் கண்ணாடியா மின்னுது. கீழ எடது மூலையில கன்ட்ரோல். அதுக்குக் கிட்டக்க சி. அதை ஒட்டி வி. ஒன் தங்கச்சிகிட்ட வெகுளியாக் கேட்டேன், இந்த மூணையும் சேத்து அமுக்குனா என்னம்மா ஆகும்னு. அடுத்தவன் எழுதுனதை எடுத்து இங்க ஒட்டிக்கிடலாம் தாத்தான்னா.

நான் யாருகிட்டயும் சொல்லல. ஆனா 2021-ல ஒங்க சோலிக்காரங்க கேள்வி கேக்குற ஸ்டாக் ஓவர்ஃப்ளோங்கிற தளத்துக்காரங்க இந்த மூணு கட்டை மட்டும் வச்ச கீபோர்டு ஒண்ணு போட்டிருக்காகளாம். ஏப்ரல் மொதத் தேதிக்கு வெளையாட்டாச் சொல்லி, ஆளுக கேட்டு நச்சரிக்கவும் நெசமாவே செஞ்சு வித்திருக்காக. வந்துக்கிட்டு இருக்குற நாலாவதைத் திருப்பி அனுப்பிட்டு அதை வாங்கு. எடமும் மிச்சம், காசும் மிச்சம், ராத்திரி சத்தமும் மூணோட போயிரும்.

பொண்ணு வீட்டார் முன்னாடி அந்தக் கீபோர்டு மேல ஒரு துண்டைப் போட்டு வையி. பொண்ணோட தகப்பனார் முப்பது வருசம் தாவணி கண்டவராம்.

அப்புறம், அந்தப் பொட்டலத்துல பென்குயின் மிச்சம் இருந்தா ரெண்டு குடு. நம்ம டி.வி.எஸ். எக்ஸல் பின்னாடி மக்காட்டுல ஒண்ணு, பெட்ரோல் டாங்கியில ஒண்ணு ஒட்டணும். டீக்கடையில எவனாச்சும் கேட்டா, வண்டி லினக்ஸ்ல ஓடுதுன்னு சொல்லிக்கிடுறேன். சாயங்காலம் தோட்டத்துக்குப் போகணும், குளிச்சிட்டு சீக்கிரம் எடுத்து வையி.